நோயாளியும் தாதியும் அல்ல, கணவனும் மனைவியும்

(குழுவாகக் கூடி வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)

வடக்கிலிருந்து வரும் புகையிரதம் கோட்டையை அடையுமுன் மருதானையில் நிற்கும். கையில் ஒரு பையும் ஒரு கிளினிக் துண்டுமாக அங்கே இறங்கி, வழி கேட்டுக் கேட்டுத் தேசிய வைத்தியசாலைக்கு நடந்த நமது பெண்கள் எத்தனையோ பேர். 1990இல் வவுனியாவுக்கு அப்பால் புகையிரதம் நின்றுபோனது. அது மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது 2014 ஒக்டோபரில்தான். இடைப்பட்ட காலத்தில் பாஸ் எடுத்து வந்தார்கள், கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு லொட்ஜில் தங்கினார்கள், பொலிசில் பதிந்தார்கள், தெரியாத மொழியில் கணவனின் நிலையைக் கேட்டறிந்தார்கள். மனைவியைக் கட்டிலில் விட்டுவிட்டு வெளியே விறாந்தையில் காத்திருந்த கணவன்மாரும் உண்டு.

அறுவைச் சிகிச்சை வைத்தியருடைய வேலை. அது சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் முப்பது நாற்பது ஆண்டுகள் கணவன் மனைவியின் கையில் இருக்கின்றன. இந்தப் பாடம் அந்த ஆண்டுகளைப் பற்றியது.

1. ஒரு குடும்பத்தின் கதை

பெயர் சொல்லாமல் ஒரு குடும்பத்தை மனத்தில் எடுத்துக்கொள்வோம். இது ஒரு வீட்டின் கதை அல்ல. பல வீடுகளில் நடந்தவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறோம்.

அவர் வன்னியில் வயல் செய்தவர். 2009இல் செல் துண்டொன்று முள்ளந்தண்டில் பட்டது. அந்த ஆண்டு பெப்ரவரி முதல் மே வரை சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு முல்லைத்தீவுக் கரையிலிருந்து காயப்பட்டோர், நோயாளர், துணைக்கு வந்தோர் என ஏறத்தாழ 14,000 பேரைக் கடல்வழியே கொண்டுசென்றது. அவரும் அப்படியே போனார். மனைவியும் பிள்ளைகளும் மெனிக் பாம் முகாமுக்குப் போனார்கள். மாதக்கணக்கில் ஒருவர் இருக்கும் இடம் மற்றவருக்குத் தெரியாது. மீண்டும் சேர்ந்தபோது அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

மீள்குடியேறிய பின் எல்லாவற்றையும் அவளே செய்தாள். குளிப்பாட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள், சலப்பை மாற்றினாள், தோட்டம் செய்தாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். ஊரார் அவளைத் தெய்வம் என்றார்கள். ஆனால் அந்த வீட்டுக்குள் இரண்டு காரியங்கள் நடந்தன.

முதலாவது: ஒரு நாள் பசுமாட்டை விற்றுவிட்டாள். அவரிடம் கேட்கவில்லை. வியாபாரி வந்ததும், விலை பேசியதும், மாடு போனதும் அவருக்குக் கட்டிலில் கிடந்தபடி காதில் விழுந்தன. மூன்று நாள் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார், சாப்பிடவில்லை.

இரண்டாவது: அவருக்கு அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்தது. சலத்தில் கிருமி என்றார்கள். மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் சுற்றுக்கு வந்த தாதி. அவர் தண்ணீரே குடிப்பதில்லை.

"ஏன் ஐயா தண்ணி குடிக்கிறீங்களில்லை?"

"குடிச்சா அவ ராவிலை எழும்பவேணும். பகல் முழுக்கத் தோட்டத்திலை நிண்டு முறியிறா. பாவம்."

அதைக் கேட்டு அவள் அழுதுவிட்டாள். "இஞ்சருங்கோ, நான் உங்களிட்டைச் சொன்னனானே எழும்பேலாது எண்டு? மாட்டையும் உங்களுக்குக் கவலை குடுக்கப்படாதெண்டுதான் கேக்காமல் வித்தனான்."

"எனக்குக் காலும் இடுப்பும்தான் போனது. வாயும் புத்தியும் போகேல்லையப்பா. மாட்டு விலை எனக்குத் தெரியாதே?"

இந்தக் கதையில் கெட்டவர் யாருமில்லை. இருவரும் மற்றவர் மீது இரக்கப்பட்டுத்தான் மௌனமாக இருந்தார்கள். அந்த மௌனம் ஒருவரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. மற்றவரின் முதுகை ஒடித்தது. கணவனும் மனைவியுமாக இருந்தவர்கள் தமக்குத் தெரியாமலே நோயாளியும் தாதியுமாக ஆகிவிட்டார்கள்.

இணையாகப் பூட்டிய மாடுகளில் ஒன்று நலிந்திருந்தால் நாம் என்ன செய்வோம்? அவிழ்த்து விட்டுவிட்டு மற்றதை மட்டும் இழுக்கச் சொல்வதில்லை. நுகத்தடியின் நடுக்கட்டை வலுவான மாட்டின் பக்கம் நகர்த்திக் கட்டுவோம். நலிந்ததற்குச் சுமை குறையும்; ஆனால் இரண்டும் சேர்ந்தே இழுக்கும். பராமரிப்பு என்பதும் இதுதான். சுமையை மாற்றிக் கட்டலாம்; இணையைப் பிரிக்கக்கூடாது.

2. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவரைப் பராமரித்தல்

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் முள்ளந்தண்டு முறிந்தவர்களில் பெரும்பாலானோர் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது முறிவு அல்ல. படுக்கைப் புண்ணும் சிறுநீரகக் கிருமியும்தான். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் ஒரு பிரிவைத் தொடங்கினார். இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டச் சொன்னார். சலப்பையைச் சுத்தமாக வைக்கச் செய்தார். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் வேலையும் விளையாட்டும் கொடுத்தார். "இனி நீ எதற்கும் பயன்பட மாட்டாய்" என்ற எண்ணமும் ஆளைக் கொல்லும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய பராலிம்பிக் விளையாட்டுகள் அங்கிருந்துதான் பிறந்தன.

அங்கே செய்ததில் பெரும்பகுதியை ஓலைக் கொட்டிலிலும் செய்யலாம்.

தோல்: படுத்திருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுங்கள். கதிரையில் இருப்பவர் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கவேண்டும். முடியாவிட்டால் ஒரு பக்கமும் மறு பக்கமுமாகச் சாய வேண்டும். காலையும் மாலையும் நாரி, இடுப்பெலும்பு, குதிக்கால், இருக்கைப் பகுதி ஆகியவற்றைப் பாருங்கள். அவரே கண்ணாடியொன்றைப் பிடித்துத் தன் உடம்பைப் பார்க்கப் பழகுவது இன்னும் நல்லது. சிவந்த இடம் அழுத்தத்தை எடுத்து அரை மணித்தியாலமாகியும் மாறாவிட்டால் அது புண்ணின் தொடக்கம். அந்த இடத்தில் மீண்டும் பாரம் விழ விடாதீர்கள். சிவந்த இடத்தை உரசித் தேய்க்கவும் வேண்டாம். தடித்த பஞ்சு மெத்தை நல்லது. நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தை வேண்டாம். அதன் விளிம்பு இரத்த ஓட்டத்தை அடைத்துவிடும்.

தண்ணீர்: வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர, நாளொன்றுக்கு இரண்டு முதல் மூன்று லீற்றர் வரை குடிக்கவேண்டும். இரவில் எழும்பும் சிரமத்தைக் குறைக்க, பெரும்பகுதியைப் பகலிலே குடித்து முடிக்கலாம். சலக்குழாயைத் தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சலப்பை எப்போதும் இடுப்பை விடத் தாழ்வாகத் தொங்கவேண்டும். சலம் கலங்கினாலோ, நாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

அவசரம்: நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குத் திடீரெனத் தாங்கமுடியாத தலையிடி வந்து, முகம் சிவந்து வியர்த்தால் அது பெரும் ஆபத்தின் அறிகுறி. இரத்த அழுத்தம் மிகவும் ஏறியிருக்கும். உடனே நிமிர்த்தி இருத்துங்கள். சலக்குழாய் மடிந்தோ அடைபட்டோ உள்ளதா எனப் பாருங்கள். இறுகிய உடையைத் தளர்த்துங்கள். குணமாகாவிட்டால் காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

3. கால் இழந்தவரைப் பராமரித்தல்

மிதிவெடியில் காலை இழந்தவர்கள் நம்மிடையே பலர். விறகுக்குப் போன பெண்களும் அவர்களுள் அடக்கம். ஆட்களை இலக்காகக் கொண்ட மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. ஆயினும் இழந்தவர்களுக்கு இழந்தது இழந்ததே.

விவசாயிக்கு ஏற்ற ஒரு கால் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் 1968இல் உருவானது. ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் சேர்ந்து அதைச் செய்தார்கள். மேல்நாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்து வேண்டும். சேற்றில் இறங்க முடியாது. குந்தி இருக்க முடியாது. ஜெய்ப்பூர்க் கால் இறப்பரால் ஆனது. வெறுங்காலாக நடக்கலாம், வரம்பில் ஏறலாம், வயலில் இறங்கலாம். 1831இல் தொடங்கிய கொழும்பு நண்பர் உதவிச் சங்கம் 1985 முதல் இந்தக் கால்களைச் செய்து வழங்கலாயிற்று. யாழ்ப்பாணத்தில் 1987இல் ஜெய்ப்பூர் நிலையம் உருவாகி, யுத்தத்தின் நடுவிலும் வேலை செய்தது.

கால் பூட்டியவர் இரவில் அதைக் கழற்றவேண்டும். எஞ்சிய காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்கு உலர்த்தவேண்டும். அதற்குப் போடும் கால்மேசு நாள்தோறும் துவைத்துக் காய்ந்ததாக இருக்கவேண்டும். தோல் சிவந்தாலோ கொப்பளித்தாலோ காலைப் பூட்டாமல் விட்டுவிட்டு நிலையத்தில் காட்டவேண்டும். உடம்பு மெலிந்தாலும் பருத்தாலும் கால் பொருந்தாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிது செய்ய வேண்டிவரும்.

இங்கே துணைவருக்கு ஒரு சொல்: அவர் கழுவக்கூடியதை அவரே கழுவட்டும். காலைப் பூட்ட அவருக்கு அரை மணித்தியாலம் எடுத்தால் அந்த அரை மணித்தியாலத்தைக் கொடுங்கள். "தாங்கோ, நான் கெதியாச் செய்துவிடுறன்" என்று நாம் பறிப்பது வேலையை மட்டும் அல்ல.

4. விழுந்தவள் மனைவியானால்

இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் அரைகுறையாகிவிடும். கணவன் படுக்கையில் விழுந்தால் மனைவி தாங்கவேண்டும் என்று ஊர் சொல்லும். மனைவி விழுந்தாலோ, "இவன் இளந்தாரி, இவனுக்கு ஒரு வாழ்க்கை வேண்டாமோ?" என்று அதே ஊர் கேட்கும். சில வீடுகளில் மனைவியைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைப் பராமரிப்பு, சமையல், மனைவியைக் குளிப்பாட்டுதல் எல்லாம் மூத்த மகளின் தலையில் விழுகின்றன. அவளுடைய படிப்பு அன்றோடு நிற்கிறது.

தாலி கட்டும்போதோ கோவிலில் கைபிடித்து வாக்குக் கொடுக்கும்போதோ, ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என இரண்டு வாக்குகள் சொல்லப்படுவதில்லை. மனைவியின் துணியைத் துவைக்கும் கணவனைக் கேலி செய்யும் ஊர், தன்னைத்தானே வெட்கப்பட வேண்டும். இப்படிச் செய்யும் ஆண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசுவது குறைவு. அவர்களும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு அவரை அழையுங்கள். இளைஞர்கள் அவரிடம் கேட்டுக் கற்கட்டும்.

5. சுமையை மாற்றிக் கட்டுதல்

நாம் சொன்ன குடும்பம் பின்னர் என்ன செய்தது? ஒரு நாள் மாலை இருவரும் இருந்து ஒரு கொப்பியில் வீட்டு வேலைகளை எல்லாம் எழுதினார்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் "யார்?" என்று கேட்டார்கள்.

விதை தெரிதல், வெங்காயம் கட்டுதல், கணக்கு எழுதுதல், தொலைபேசியில் சந்தை விலை கேட்டு வியாபாரியுடன் பேசுதல், பிள்ளைகளின் பாடம் பார்த்தல் ஆகியவை அவருடைய வேலைகள் ஆயின. மேசை உயரத்தில் பரண் கட்டி நாற்றுப் போட்டார்கள். தண்ணீர் விடுவதும் களை எடுப்பதும் அவர். வாசற்படிக்குச் சாய்தளம் போட்டார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். குறைந்தால் சக்கர நாற்காலியைத் தாமே உருட்டி ஏற முடியாது. இனி மாடோ நகையோ காணியோ, இருவரும் பேசாமல் விற்பதில்லை என்றும் எழுதிக்கொண்டார்கள்.

பராமரிப்பவருக்கும் உடம்பு உண்டு. தூக்கும்போது முதுகை வளைக்காதீர்கள். முழங்காலை மடித்து, அவரை உங்கள் உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். படுக்கையில் நகர்த்தத் தூக்கவே வேண்டாம். கீழே ஒரு சீலையை விரித்து அதை இழுங்கள். அவருடைய கைகளுக்குப் பலம் இருந்தால் அவரும் சேர்ந்து உந்தட்டும். கிழமையில் அரை நாளாவது வேறொருவர் பொறுப்பேற்கட்டும். அந்த அரை நாளில் அவள் கோவிலுக்குப் போகலாம், தாய் வீட்டுக்குப் போகலாம், அல்லது வெறுமனே நித்திரை கொள்ளலாம். இது சுயநலம் அல்ல. நித்திரையில்லாத ஒருவரால் நெடுங்காலம் அன்பாக இருக்க முடியாது. சலிப்பும் கோபமும் வரும். வந்தால் பாவம் என்று புதைக்க வேண்டாம், பேசுங்கள்.

பலர் கேட்கக் கூசும் ஒரு காரியமும் உண்டு. ஊனம் வந்ததோடு தாம்பத்திய உறவு முடிந்துவிட்டது என்று தம்பதிகள் தாமாகவே தீர்மானித்து, தனித்தனிப் பாயில் படுத்து, அதைப் பற்றி ஒருபோதும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அப்படி முடிவெடுக்கத் தேவையில்லை. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட பெண்கள் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஆண்களுக்கு வைத்திய உதவி தேவைப்படலாம். கிளினிக்கில் இருவருமாகப் போய்க் கேளுங்கள். எது முடியாவிட்டாலும் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பது முடியும்.

6. உரிமையும் உதவியும்

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. ஊனத்தைக் காரணம் காட்டி வேலையோ பாடசாலை அனுமதியோ மறுக்கக்கூடாது என்கிறது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. வருமானம் குறைந்த வலுவிழந்தோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 ஏப்ரல் முதல் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வைத்தியச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் இடம்பெயர்வில் தொலைத்திருந்தால் முதலில் கிராம அலுவலரிடம் போங்கள். விண்ணப்பத்தைத் துணைவர் மட்டும் தூக்கிக்கொண்டு அலையாமல், முடிந்தால் உரியவரும் கூடவே போகட்டும். தனக்காகத் தானே பேசுபவரின் குரல் அலுவலகத்தில் நன்றாகக் கேட்கும்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட நம்மவர்கள் வன்னியில் தாங்களே கூடி 'உயிரிழை' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். தமிழ்நாட்டின் ஆய்க்குடிக் கிராமத்தைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் 1975இல் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுக் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். அவரே 1981இல் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்து, ஆயிரக்கணக்கான கிராமத்தவருக்கு மறுவாழ்வு கிடைக்க வழி செய்தார். வாயும் புத்தியும் போகவில்லை என்று நமது விவசாயி சொன்னது வீண் பேச்சல்ல.

கலந்துரையாடலுக்கு

1. நம் கிராமத்தில் துணைவரைப் பராமரிப்பவர்கள் யார் யார்? கடைசியாக அவர்கள் எப்போது முழு இரவு நித்திரை கொண்டார்கள்?

2. வலுவிழந்தவர் இருக்கும் வீட்டுக்கு நாம் போகும்போது யாருடன் பேசுகிறோம்? "அவர் எப்படி இருக்கிறார்?" என்று அவருடைய தலைக்கு மேலாக மனைவியிடம் கேட்கிறோமா?

3. மனைவியைப் பராமரிக்கும் கணவனைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம்?

4. நமது சங்கத்தில் முறை வைத்து, கிழமைக்கு அரை நாள் ஒரு வீட்டின் பராமரிப்பை ஏற்க முடியுமா? யார் முதலில்?

வீட்டுக்குப் போய்ச் செய்ய

இன்றிரவு உங்கள் துணைவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எனக்குக் கவலை வரும் எண்டு நீங்கள் சொல்லாமல் வைச்சிருக்கிறது என்ன?" பதில் உடனே வராமல் இருக்கலாம். விளக்கைத் தணித்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். வந்த பதிலுக்கு மறுமொழி சொல்ல அவசரப்பட வேண்டாம். உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கும். அடுத்ததாக அதைச் சொல்லுங்கள்.